வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம்

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அச்சுல ஏறிடுச்சேக்கா, இனிமே எப்படி அழிக்கிறது?" என்று தூக்கம் கெட்டுக் கிடப்பான். அப்படிப்பட்ட ஆள். எங்கே நுழைந்தாலும் வெளியே வரும் வழி எது என்று முதலில் பார்த்துக்கொள்வான், அப்புறம்தான் காலை எடுத்து வைப்பான். ஆபீஸில் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வைத்தது நான்தான். இன்றைக்கு என் அப்பாவும் பெரியப்பாவும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அந்தப் பயந்தாங்கொள்ளியும் அதற்கு ஒரு காரணம். சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. அறுவடை மெஷினை ஃபோனிலேயே பதிவு செய்கிற ஆப் எங்களுடையது. வயல்காரர் பதிவு செய்தால், அக்கம்பக்கத்தில் எந்த மெஷின் சும்மா நிற்கிறதோ அது வரும். என் வேலை, வருகிற ஃபோனை எடுப்பது. மெஷின் வராவிட்டாலும் திட்டு, வந்த மெஷின் சேற்றில் புதைந்தாலும் திட்டு, எல்லாம் முதலில் என் காதில்தான் விழும். நான் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி மகள். திட்டுக்குப் பயந்தவள் இல்லை. வாங்கியதைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுக்கவும் தெரியும். அவன் வேலை, அந்த ஆப்பின் ஸ்கிரீன்களை வடிவமைப்பது. எந்த இடத்தில் என்ன பட்டன், என்ன நிறம், விரல் எங்கே படும் என்பதெல்லாம் அவன் பாடு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவன். என்னைவிட ரொம்ப இளையவன், அதனால் தம்பி.

கொட்டுகிற மழையிலும் ஸ்கூட்டரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் மாடி ஏறுவான். தொப்பலாக நனைந்தபடி வண்டியோடு மல்லுக்கட்டுவதை நாங்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்போம். முதலாளி புது வீடு கட்டி கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தார். ஆள் வந்தால் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் கதவு போட்டிருந்தார், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எல்லாரும் ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும், "சார், கரண்ட் போனா எப்படித் திறக்கிறது?" என்று கேட்டுவிட்டான். முதலாளி முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் நல்ல மனுஷன். கதவுக்குப் பின்னால் கையால் திறக்கிற கொக்கி இருப்பதைக் காட்டினார். இவன் அதைத் தானே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டான்.

சின்ன வயதில் எங்கேயாவது மாட்டிக்கொண்டாயா, யாராவது அறையில் போட்டுப் பூட்டினார்களா என்று ஒருநாள் கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையாம். நடக்காமல் இருக்கத்தான் பார்த்துக்கொள்கிறானாம். இதற்கு மேல் என்ன கேட்பது?

அவன் பெண் பார்க்கப் போன கதைதான் எங்கள் ஆபீஸில் ரொம்பப் பிரசித்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் விட்டிருக்கிறார்கள். மற்றவன் என்றால் சம்பளம், சினிமா என்று ஏதாவது பேசுவான். இவன் அந்தப் பெண்ணிடம், "நீங்க இப்ப சரின்னு சொன்னாலும் அப்புறம் வேண்டாம்னு தோணுச்சுன்னா கடைசி நாள் வரைக்கும் சொல்லலாம். உங்க வீட்டுல சொல்ல முடியலைன்னா என்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னதா சொல்லிக்கிறேன்" என்றிருக்கிறான். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் அறிவிப்பார். ஒவ்வொரு ஞாயிறும் இவன் திரும்பித் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தபோது நானே கேட்டேன், எதை நம்பி இவனைக் கட்டிக்கொண்டாய் என்று. "வேண்டாம்னு சொல்ல விட்டாருக்கா. அப்புறம் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?" என்றாள். ஜாடிக்கேற்ற மூடி.

முன்பெல்லாம் ஒரு ஸ்கிரீன் வரைய அவனுக்கு நாள்கணக்கில் ஆகும். தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு பாபநாசம், ஒரத்தநாடு என்று அலைந்து, களத்தில் நிற்கிறவர்களிடம் காட்டி எதை அமுக்குவீர்கள் என்று கேட்பான். விரல் எங்கே போகிறது என்று பார்ப்பான். திரும்பி வந்து அழித்து வரைவான். பிறகு ஏ.ஐ. வந்தது. என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் டீ ஆறுவதற்குள் விதவிதமாக ஸ்கிரீன் வந்து நிற்கும். இவன் பிழைப்பு போச்சு, ஒப்பாரி வைப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவனோ குதூகலமாக இருந்தான். கழுத்து வலி போய்விட்டதாம். வரைகிற வேலையை அது பார்க்கட்டும், எனக்குப் பார்க்கிற வேலை இருக்கிறது என்பான்.

அது வரைந்து தருகிற ஒவ்வொரு ஸ்கிரீனிலும் அவன் முதலில் தேடுவது வேண்டாம் என்று சொல்ல எங்கே இடம் என்பதைத்தான். அநேகமாக இருக்காது. இருந்தாலும் மங்கலான சாம்பல் நிறத்தில், மூலையில், எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். 'பதிவு செய்' என்ற பட்டன் மட்டும் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நிற்கும். இது ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டேன். உலகத்தில் இருக்கிற ஆப்பையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டது, எல்லா ஆப்பும் ஆளை உள்ளே இழுக்கத்தானே பார்க்கின்றன, வெளியே விட யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றான். அதன்மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. வளர்ப்பு அப்படி, திருத்திக்கொள்ளலாம் என்பான்.

முதலாளிக்குப் புதுசாக எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தவர், இனிமேல் எல்லாருக்கும் ஒரே ஸ்கிரீன் கிடையாது என்றார். யார் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதைப் பார்த்து ஏ.ஐ.யே அவரவருக்குத் தனி ஸ்கிரீன் போட்டுக்கொடுக்கும். தொடாத பட்டனை எடுத்துவிடும். ஃபோனைப் பார்த்துப் பேசினால் பதிவாகிவிடும். மழை வருகிற மாதிரி இருந்தால் அதுவே அறுப்பை முன்னால் தள்ளிப் போட்டு, மெஷினையும் அனுப்பிவிட்டு, பிறகு வயல்காரருக்குத் தகவல் சொல்லும். விவசாயிக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டமெல்லாம் எனக்கு. "மேல பச்சையா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க" என்று நான் சொல்ல, "என் ஃபோன்ல பச்சையே இல்லையேம்மா" என்று அவர் சொல்ல, அடுத்தவருக்குப் பச்சை இருக்கும் ஆனால் கீழே இருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது என்பார்களே, அதேதான். யார் ஃபோனில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் நான் எப்படி வழிகாட்டுவது? இவனைப் பிடித்து உலுக்கினேன். என்ன மாறினாலும் ஒன்று மட்டும் எந்த ஃபோனிலும் மாறக்கூடாது என்று முதலாளியிடம் கேட்கப்போகிறேன் என்றான்.

அன்றைக்கு அவன் கேட்டதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். எல்லாவற்றையும் ஏ.ஐ. வரையட்டும், வேண்டாம் என்கிற பட்டனை மட்டும் நான் வரைகிறேன், சிவப்பாக, கட்டைவிரல் தானாகப் படுகிற இடத்தில் இருக்கும், யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஏ.ஐ. அதன்மேல் கைவைக்கக்கூடாது, அமுக்கினால் ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது, மெஷின் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதுதான் அவன் கோரிக்கை. முதலாளி சிரித்தார். யாருமே அமுக்காத பட்டனுக்கு இத்தனை பெரிய இடமா என்றார். "அமுக்கத் தேவையே வராட்டி சந்தோஷம் சார். ஆனா இருக்கணும்" என்றான் இவன். தை அறுப்பு முடிகிற வரை இருக்கட்டும், ஒருத்தரும் தொடவில்லை என்றால் தூக்கிவிடலாம் என்று முதலாளி பெரிய மனசு பண்ணினார்.

இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வயல் உள்வயல். ரோட்டை ஒட்டி இருப்பது பெரியப்பா வயல். அதைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்குள் மெஷின் இறங்க முடியும், வேறு பாதை கிடையாது. அதனால் முன்வயல் அறுத்த பிறகுதான் உள்வயல் அறுப்பது. அவசரம் என்றால் உள்வயல்காரர் நேரில் போய் வழி கேட்பார். முன்வயல்காரர் மனசு வைத்தால் மெஷின் போகிற அகலத்துக்குத் தன் பயிரைக் கையால் அறுத்து வழி விடுவார். காலங்காலமாக இப்படித்தான்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருஷம். என் கல்யாணத்துக்கே பெரியப்பா வரவில்லை. அந்த வருஷ மார்கழியில் அவர்கள் கூடப்பிறந்த அத்தை இறந்துபோனதில்தான் அண்ணன் தம்பி ஒன்றாக நின்று காரியம் செய்தார்கள், பேச்சும் வந்தது. பேச்சு வந்ததே தவிர ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. விதைக்கிற காலத்தில் பேச்சுவார்த்தை இல்லாததால் கலந்துகொள்ளாமல் அப்பா முன்னாலேயே விதைத்துவிட்டார், பெரியப்பா பின்னால் நட்டிருந்தார். தை பிறந்தபோது எங்கள் வயல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது, பெரியப்பா வயல் பச்சையாக நின்றது. போய் வழி கேளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அப்பா கேட்கவில்லை. அண்ணன் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார், அதற்குள் கை நீட்டினால் இதற்காகத்தான் ஒட்டினான் என்று நினைப்பார், நெல் கொட்டினால் கொட்டட்டும், அண்ணன் அறுத்த பிறகு அறுத்துக்கொள்கிறேன் என்றார். மெஷினையும் அப்படியே தள்ளிப் பதிவு செய்துவைத்தார்.

அந்த வாரத்தில் ஒரு காலை. அப்பாவும் அம்மாவும் திருப்பனந்தாளில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஃபோனிலிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. அவருடைய ஃபோன் பையிலிருந்து தானாகப் பேசியதாம். மழை வரப்போவதால் உங்கள் அறுப்பை இன்றைக்கு மாற்றியிருக்கிறேன், இயந்திரம் வயலை நெருங்கிவிட்டது என்று சொன்னதாம். "ஃபோனுக்குள்ள பேசற அந்தப் பொண்ணு பாட்டுக்கு அனுப்பிடுச்சும்மா. அண்ணன் பயிரு நிக்குது. அதுமேல ஏறிடும்மா."

மெஷின்காரர் சேலம் பக்கத்து ஆள். அவருக்கு எது யார் வயல் என்று என்ன தெரியும்? ஃபோன் காட்டுகிற வழியில் இறங்குவார். ஃபோனுக்கோ ரோட்டிலிருந்து எங்கள் வயலுக்கு நேர்க்கோடு தெரியும், நடுவில் நிற்கிற பயிர் தெரியாது, அது இன்னாருடையது, அவருக்கும் நமக்கும் இன்ன வரலாறு என்பது எங்கே தெரியப்போகிறது? மெஷினை நிறுத்துகிற வசதி முன்பு என் கம்ப்யூட்டரில் இருந்தது. இனி அதெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும் என்று, மெஷின்காரர்களின் நம்பரோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். முதலாளி எங்கேயோ கூட்டத்தில், ஃபோன் அணைந்திருந்தது. பெரியப்பாவைக் கூப்பிட்டு என்ன சொல்வது, உங்கள் பயிர்மேல் எங்கள் மெஷின் ஏற வருகிறது என்றா? விழுந்த கதிரைவிட அந்தப் பேச்சுதான் பெரிதாகும். அத்தை செத்துச் சேர்த்துவைத்த உறவு அன்றைக்கே அறுந்துபோகும். இந்த ஜென்மத்தில் அப்புறம் ஒட்டாது.

அப்பா ஃபோனில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் வேண்டாம் பட்டனைத் தொட்டதில்லை. கைவைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் அதை ஏ.ஐ. விட்டுவைத்திருக்குமா, தூக்கியிருக்குமா? இவன் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினான். முகம் வெளிறிப்போயிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஐயா, உங்க ஃபோனை எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிங்க. கட்டைவிரல் எங்க படுது, அங்க பாருங்க. சிவப்பா வேண்டாம்னு எழுதியிருக்கா?"

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல்தான் கேட்டது. வெயில் கண்ணாடியில் அடிக்கிறது என்று அம்மா ஏதோ சொன்னார். முந்தானையால் மறைத்துப் பிடித்தார் போலிருக்கிறது.

"இருக்கு தம்பி" என்றார் அப்பா.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் உடனே அமுக்கவில்லை. "மழை வருதுன்னு சொல்லுதே தம்பி. நிஜமா வருமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமுக்கினால் அண்ணன் பயிர் பிழைக்கும், முற்றிச் சாய்ந்து கிடக்கிற தன் நெல் மழையில் முளைத்துப் போகும். அமுக்காவிட்டால் நெல் வீட்டுக்கு வரும், அண்ணன் போய்விடுவார். வேறு யாராக இருந்தாலும் சட்டென்று அமுக்குங்கள் என்றிருப்பார்கள், நானே சொல்ல வாயெடுத்தேன். இவன் என்னைக் கையமர்த்திவிட்டு, "வரும்னுதான் காட்டுதுங்கய்யா. என்ன செய்யறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

அண்ணன் பயிரு நிக்குதே என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "அமுக்கிட்டேன்" என்றார். என் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. இவன் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். நான் அப்பாவிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். உறவு தப்பியது, நெல் போனது என்று இரண்டுக்கும் சேர்த்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து வந்த ஃபோனை எடுத்தால் மெஷின்காரர். மெஷினின் சங்கிலிப் பட்டை வரப்பில் ஏறிய நேரத்தில் நிற்கச் சொல்லி ஃபோன் அலறியதாம், நிறுத்திவிட்டாராம். இங்கே ஒரு பெரியவர் வழிமறித்து நின்று யார் அனுப்பினார்கள் என்று கேட்டாராம், உள்வயல்காரர் பதிவு, இப்போது அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்று ஸ்கிரீனைக் காட்டினாராம். அவர் உங்கள் ஆபீஸில் பேச வேண்டும் என்கிறார், கொடுக்கிறேன் என்றார்.

பெரியப்பா குரலை நான் கேட்டு எத்தனை வருஷம்.

"ஃபோன் எடுக்கிறது நீதானாமே" என்றார். நான் "பெரியப்பா" என்றேன். "உங்கப்பன்தான் நிறுத்தினானா?"

"ஆமா பெரியப்பா. உங்க பயிரு நிக்குதுன்னுதான்."

"அவன் கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேனா? கேக்கட்டும்னு நானும் தினம் வந்து வரப்புல நிக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேங்கிறான். வழி அறுத்து விடறேன்னு சொல்லு. பச்சையாத்தான் இருக்கு, மாட்டுக்கு ஆச்சு. அந்த மெஷினைப் போகவிடாம வை."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா பஸ்ஸிலேயே ஃபோனைப் பார்த்து மறுபடி மெஷின் கேட்டார். அது மறுபேச்சில்லாமல் பதிவு செய்தது. அப்பாவும் அம்மாவும் ஊருக்குள் இறங்கி வயலுக்கு ஓடியபோது பெரியப்பா நடு வயலில் அரிவாளோடு நின்றிருந்தார், மெஷின் எங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் தூறல் விழுந்தது. அம்மா ஃபோனில் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மெஷின் ஏறிய அந்த வரப்புதான் பழைய தகராறுக்குக் காரணமான வரப்பு. அதன் ஓரம் கொஞ்சம் சரிந்திருந்ததாம், அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லையாம்.

முதலாளி வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பட்டனைத் தூக்குவது பற்றிய பேச்சு அதன்பிறகு எழவில்லை. இவனைக் கூப்பிட்டு வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். உள்வயல் யாருடையது, முன்வயல் யாருடையது என்பதை ஏ.ஐ.க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான். ஊர் ஊராகப் போய் விசாரித்தான். உள்வயலுக்கு யாராவது மெஷின் கேட்டால், அனுப்புவதற்கு முன் முன்வயல்காரர் ஃபோனுக்கு ஒரு கேள்வி போகும். இன்னார் வழி கேட்கிறார், சரியா, வேண்டாமா? இரண்டு பட்டனும் ஒரே அளவு. வேண்டாம் சின்னதாக இருந்தால் அது கேள்வியே இல்லை, உத்தரவு என்பான். ஏ.ஐ. அதைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி வரைய, இவன் அலுக்காமல் பெரிதாக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் அதுவும் கற்றுக்கொண்டுவிட்டது. மெஷினை நிறுத்துகிற வசதி என் கம்ப்யூட்டருக்கும் திரும்பி வந்தது.

குறுவை அறுப்பின்போது மனைவிக்கு வேலை கிடைத்து அவன் கோயம்புத்தூர் போவதாக முடிவாகியிருந்தது. அவனுடைய கடைசி வாரம். இந்தத் தடவை மோட்டார் பழுதாகிப் பெரியப்பா நடவு மறுபடி பிந்திவிட்டது. அப்பா ஆப்பில் மெஷின் கேட்டார். பெரியப்பா ஃபோனுக்குக் கேள்வி போனது. பதில் வரவில்லை. காலையில் போனது, சாயங்காலம் வரை சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தை மாசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் வயலில், டீக்கடையில் பேசிக்கொள்வார்களே தவிர, வீட்டுப் படி ஏறுவதில் மட்டும் யார் முதலில் கூப்பிடுவது என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மறுபடி ஏதாவது மனத்தாங்கலோ? இவனுக்கு வேறு பயம். பட்டன் கண்ணுக்குத் தெரியவில்லையோ, எழுத்து சின்னதோ, தன் கடைசி வேலையே தப்பாகப் போய்விட்டதோ என்று. நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் இலையில் இட்லி. அப்பா எதிரே சுவரில் சாய்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இவன்தான் பக்கத்தில் போய் மண்டியிட்டு, ரொம்பக் கவலையாக, "ஐயா, ஃபோன்ல கேள்வி வந்துச்சா? பட்டன் சரியாத் தெரியலையா?" என்று கேட்டான்.

"நல்லாத் தெரியுது தம்பி" என்றார் பெரியப்பா. "கேட்டது என் கூடப் பொறந்தவன். பதிலை ஃபோன்கிட்டயா சொல்றது? அதான் சரின்னு நேர்ல வந்து சொல்லிட்டேன்."

இவன் எழுந்து நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். அத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"ஸ்கிரீன் சரியாத்தான் வேலை செஞ்சிருக்குக்கா" என்றான்.

அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு இன்னும் ரெண்டு இட்லி வை என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.